தியாகி விசுவநாததாஸ்: நாம் மறந்துவிட்ட நடிகர்

நாட்காட்டி தொங்காத சுவர் தமிழகத்தில் அரிது. அந்நாட்காட்டிகளுள் மிகப் பல நம் சிவகாசியில் அச்சேறுபவை. தீப்பெட்டியின் மேல் ஒட்டும் லேபிள், பட்டாசுப் பெட்டியின் வண்ண அட்டை, திரைப்படச் சுவரொட்டி என நடிகர் நடிகையரின் முகங்களை நாடெங்கும் கொண்டு சேர்த்த பெருமை இவ்வூருக்கு உண்டு. எந்த நடிகர் எந்த ஆண்டில் கொடிகட்டிப் பறந்தார் என்பதை அறியப் பழைய பட்டாசு அட்டைகளைப் புரட்டினாலே போதும் என்று நண்பர் ஒருவர் வேடிக்கையாகக் கூறுவார். அத்தகைய ஊரிலேயே பிறந்து, தமிழ் மேடையைத் தம் குரலால் ஆண்ட ஒரு நடிகரின் முகத்தை அவ்வட்டைகளில் ஒன்றிலேனும் நான் கண்டதில்லை. அவர்தாம் விசுவநாததாஸ்.

சென்ற பருவத்தில் இளங்கலை மூன்றாமாண்டு வகுப்பில் நாடகத்தமிழ் பற்றிய பாடத்தை நடத்திக்கொண்டிருந்தேன். நம் மாவட்டத்து மண்ணில் பிறந்த நடிகர் ஒருவரைச் சொல்லுங்கள் என்று மாணவர்களை வினவினேன். திரைப்பட நடிகர் சிலரின் பெயர்கள் வந்தன. விசுவநாததாஸ் என்று நானே எடுத்துக் கொடுத்தபின், ஒரு மாணவர் எழுந்து, “ஐயா, அவர் தியாகி அல்லவா? பள்ளிப் பேச்சுப் போட்டியில் அவர் பெயரைச் சொல்லியிருக்கிறேன். நடிகர் என்று தெரியாது” என்றார். அம்மறுமொழி என்னைச் சிந்திக்க வைத்தது. வகுப்பு முடிந்து அனைவரும் சென்றபின் இன்னொரு மாணவர் தயங்கியபடி நின்றார். சிவகாசியில் முடிதிருத்தகம் வைத்திருப்பவரின் மகன். “எங்கள் தாத்தா அவரைப் பற்றி நிறையச் சொல்லுவார், ஐயா. வகுப்பில் சொல்ல வாய் வரவில்லை” என்றார். ஏன் வரவில்லை என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. இக்கட்டுரையை எழுதத் தூண்டியவை அவ்விரு மாணவர்களின் சொற்களே.

விசுவநாததாஸ் 1886 ஆம் ஆண்டு ஜூன் 16 ஆம் நாள் சிவகாசியில், முடிதிருத்தும் மருத்துவர் குலத்தில் பிறந்தவர். அன்றைய சிவகாசி வேறு, இன்றைய சிவகாசி வேறு. தீப்பெட்டித் தொழில் கற்பதற்கென அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் புறப்பட்டது 1922 இல்தான். அதற்கு முந்தைய சிவகாசி திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்த, மழை பொய்க்கும் கரிசல் நிலத்து வணிகச் சிற்றூர். 1899 இல் கோயில் நுழைவுரிமையை ஒட்டி எழுந்த பெருங்கலவரம் அவ்வூரைச் சூறையாடியபோது தாஸுக்கு வயது பன்னிரண்டு. சாதி என்பது மனிதனை எந்த அளவுக்கு ஆட்டிப் படைக்கும் என்பதைப் பிறந்த மண்ணே கற்பித்த காலம் அது. பின்னர் அவர் வாழ்வு திருமங்கலத்தில் வேரூன்றியது. இளமையிலேயே பாட்டிலும் கூத்திலும் நாட்டம் கொண்டு மேடையேறினார்.

அவர் ஏறிய மேடை எத்தகையது என்பதை இன்றைய மாணவர்க்குச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். தூத்துக்குடி மாவட்டத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி முதலிய நாடகங்களை இயற்றிப் பாட்டும் வசனமும் வகுத்துத் தந்தார். அந்நாடகங்கள் நடிகர்கள் அனைவர்க்கும் மனப்பாடம். ஆகவே ஓர் ஊரிலிருந்து வேலனும், மற்றோர் ஊரிலிருந்து வள்ளியும், வேறோர் ஊரிலிருந்து நாரதரும் தனித்தனியே அமர்த்தப்பட்டு, ஒத்திகை ஏதுமின்றி அன்றிரவே ஒரே மேடையில் கூடி நடிப்பர். இதற்கு ஸ்பெஷல் நாடகம் என்று பெயர். இரவு பத்து மணிக்குத் தொடங்கினால் கோழி கூவும்வரை நடக்கும். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கடைசி வரிசையில் துண்டை விரித்துப் படுத்திருப்பவன் காதிலும் பாட்டு விழவேண்டும். அதற்கேற்ற குரல்வளம் இல்லாதவன் நடிகனாதல் இயலாது. எதிரே நிற்பவர் எந்தப் பாட்டை எடுப்பார், எந்தத் தர்க்கத்தைத் தொடுப்பார் என்பது முன்கூட்டித் தெரியாது. நின்ற நிலையிலேயே விடை இறுக்கவேண்டும். புலமையும் நினைவாற்றலும் துணிவும் ஒருங்கே வேண்டும் கலை அது. நம் துறைப் பாடத்திட்டங்கள் இதை நாடகம் என்று ஒப்புவதற்கே நெடுங்காலம் தயங்கின. 1891 இல் வெளிவந்த மனோன்மணீயத்தைப் பாடமாக வைப்போம். படிப்பதற்கென எழுதப்பட்ட நாடகம் அது. இலட்சக்கணக்கானோர் விடியவிடியக் கண்டு வாழ்ந்த நாடகம் நம் தேர்வுத்தாளில் இரண்டு மதிப்பெண் குறிப்பாகச் சுருங்கிவிடும்.

விசுவநாததாஸின் தனிச்சிறப்பு இந்த மேடையின் அமைப்பிலேயே அடங்கியிருக்கிறது. 1876 இல் ஆங்கில அரசு நாடக நிகழ்ச்சிச் சட்டம் என ஒன்றை இயற்றி, அரசுக்கு எதிரான நாடகங்களைத் தடைசெய்யும் அதிகாரத்தைக் கையில் வைத்திருந்தது. ஆனால் வள்ளி திருமணத்தை எப்படித் தடைசெய்வது? ஏட்டைப் புரட்டினால் முருகனும் வள்ளியும் தினைப்புனமும் அன்றி வேறொன்றும் இல்லை. ஏட்டில் இல்லாதது மேடையில் வந்தது. வள்ளி தினைப்புனத்தில் ஆலோலம் பாடிப் பறவை ஓட்டும் காட்சியில், விளைந்த கதிரைத் தின்று கொழுக்க வந்த வெள்ளைக் கொக்கு ஒன்று பாட்டில் புகுந்தது. அக்கொக்கு யாரென்பதை அரங்கில் இருந்த பாமரனுக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பக்கத்தில் நின்ற காவல் அதிகாரிக்கும் விளங்கியது. விளங்கியதனால்தான் கைவிலங்கு வந்தது. பஞ்சாபில் 1919 இல் நிகழ்ந்த படுகொலையைப் பற்றிய பாட்டும், கதரைப் போற்றும் பாட்டும் அவ்வாறே பழைய புராணக் கதைகளுக்குள் இடம்பெற்றன. ஸ்பெஷல் நாடகத்தில் வரையறுத்த வசனம் இல்லை என்பதைக் குறையாகச் சொல்வார் உண்டு. அந்தக் குறையையே படைக்கலமாக மாற்றிய கலைஞர் தாஸ் அவர்கள். தியாகம் ஒருபுறம் இருக்க, இது நடிப்புக் கலையின் நுட்பம் அன்றோ? பாட்டைப் பொருத்தமான இடத்தில், சுவை குன்றாமல், கதையின் ஓட்டம் கெடாமல் புகுத்தத் தெரியாத ஒருவர் அதே பாட்டைப் பாடியிருந்தால் கூட்டம் எழுந்து போயிருக்கும்.

ஆகவேதான் தியாகி என்னும் அடைமொழியோடு அவரை நிறுத்திவிடுவது எனக்கு நிறைவளிக்கவில்லை. சிறை சென்றோர் பலர். காமராசரை ஈந்த விருதுநகரும், தமிழ்நாடு என்னும் பெயருக்காக 76 நாள் உண்ணாநோன்பிருந்து 1956 அக்டோபரில் உயிர்நீத்த சங்கரலிங்கனாரும் நம் மாவட்டத்தின் ஈகத்துக்குச் சான்றுகள். அவ்வரிசையில் தாஸும் ஒருவர் எனக் கூறி மாலையிட்டு நகர்ந்துவிட்டால், எதனால் அவர் சிறை சென்றார் என்பது மறைந்துபோகிறது. பாடியதற்காக, நடித்ததற்காகச் சிறை சென்றவர் அவர். ஒருமுறை அன்று, பலமுறை. விடுதலையாகி வெளிவந்ததும் மீண்டும் அதே மேடை, அதே பாட்டு. இடையில் திருமங்கலத்து வீடு கடனில் மூழ்கியது. ஆங்கில அரசுக்கு ஆதரவாக நடித்தால் கடன் தீர்க்கப்படும் என்று ஆசை காட்டப்பட்டதாகவும், அவர் மறுத்துவிட்டதாகவும் அவர் வரலாற்றை எழுதியோர் குறிக்கின்றனர்.

1940 டிசம்பர் 31. சென்னை ராயல் தியேட்டரில் வள்ளி திருமணம். தாஸ் முருகனாக மயில் மீது அமர்ந்து பாடத் தொடங்கினார். பாடிக்கொண்டிருக்கும்போதே சாய்ந்தார். வேடம் கலையாமலே உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது ஐம்பத்து நான்கு.

ஆங்கிலத் துறைப் பேராசிரியர் ஒருவருடன் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது, அவர் சர் ஹென்றி இர்விங்கின் வரலாற்றை எடுத்துரைத்தார். கேட்கக் கேட்க வியப்பு மேலிட்டது. இங்கிலாந்தின் சிற்றூர் ஒன்றில் 1838 இல் பிறந்த ஜான் ஹென்றி பிராட்ரிப், இர்விங் என்று பெயர் மாற்றிக்கொண்டு மேடையேறினார். வெளியூர்க் குழுக்களில் ஆண்டுக்கணக்கில் அலைந்து, 1871 இல் ‘தி பெல்ஸ்’ என்னும் நாடகத்தால் இலண்டன் மாநகரில் புகழ்பெற்றார். 1878 முதல் லைசியம் அரங்கை நடத்தி, எலன் டெர்ரி அம்மையாருடன் ஷேக்ஸ்பியர் நாடகங்களை நடித்து உச்சத்தை எட்டினார். பின்னாளில் காட்சித் திரைகள் தீக்கிரையாகிப் பொருள் இழந்து நலிந்தபோதும் நடிப்பதை நிறுத்தவில்லை. 1905 அக்டோபர் 13 ஆம் நாள் பிராட்ஃபோர்டு நகரில் ‘பெக்கெட்’ நாடகத்தில் நடித்து முடித்து, விடுதிக்குத் திரும்பிய சிறிது நேரத்தில் உயிர்நீத்தார். அவருடைய அத்தி, மன்னர்களும் புலவர்களும் துயிலும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அதற்குப் பத்தாண்டுகள் முன்னரே, 1895 இல், விக்டோரியா அரசி அவருக்கு ‘சர்’ பட்டம் வழங்கியிருந்தார். நடிகர் ஒருவர் அப்பட்டம் பெற்றது ஆங்கில நாட்டில் அதுவே முதன்முறை. ஒரு காலத்தில், புரவலர் இல்லாத நாடகக்காரர்களை ஊர்சுற்றித் திரியும் போக்கிரிகளோடு சேர்த்துத் தண்டிக்கச் சட்டம் வைத்திருந்த நாடு அது.

இருவரும் ஒரே பேரரசின் குடிகள். இருவரும் வேடத்தோடு வேடமாக வாழ்ந்து, நாடக நாளிலேயே மாண்டவர்கள். இர்விங்குக்கு அப்பேரரசு பட்டம் அளித்தது. தாஸுக்கு விலங்கு அளித்தது. இவ்வளவில் நிறுத்தினால் நமக்கு எளிதாக இருக்கும். வெள்ளையனைக் குறைகூறிவிட்டு எழுந்து போய்விடலாம். ஆனால் தாஸை வருத்தியவர் வெள்ளையர் மட்டும் அல்லர்.

அவர் பிறந்த குலத்தைக் காரணம் காட்டி அவருடன் இணைந்து நடிக்க நடிகையர் மறுத்தனர். இது நம்மவர் செய்தது. மேடையில் முருகனாக நின்றவரைக் கைகூப்பித் தொழுத கூட்டத்துக்குள்ளிருந்தே இம்மறுப்பும் வந்தது. அந்நிலையில் அவருடன் வேடமேற்று நடிக்க முன்வந்தவர்களுள் ஒருவர் மதுரை கே. பி. ஜானகி அம்மாள். 1917 இல் பிறந்தவர். தாஸைவிட முப்பதாண்டு இளையவர். பின்னாளில் பொதுவுடைமை இயக்கத்தில் சேர்ந்து சிறை பல கண்டு, 1967 இல் மதுரை கிழக்குத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினராகி, 1992 இல் மறைந்தார். நடிகைக்கும் சமூகம் மதிப்புத் தராத காலத்தில், ஓர் இளம்பெண் அத்துணிவைக் கொண்டிருந்தார் என்பதை நம் மாணவியர் சிறப்பாக எண்ணிப் பார்க்கவேண்டும்.

இவ்விடத்தில் நம் சமுதாயப் பெரியவர்களிடம் ஒன்றை மனம்விட்டுச் சொல்ல விழைகின்றேன்; பிழையாயின் பொறுத்தருள்க. இது ஏதோ பிற சமுதாயத்துச் செய்தி, நம்மிடம் சாதி இல்லை என்று நாம் மேடைதோறும் பேசுகின்றோம். தொழுகை வரிசையில் தோளோடு தோள் நிற்பது நமக்கு அல்லாஹ் அருளிய பெரும்பேறு, அதில் ஐயமில்லை. ஆனால் நம் பிள்ளைகளுக்குக் கத்னா செய்துவைத்த, முடிதிருத்தும் குடும்பத்தாரிடம் பெண் எடுக்கவும் கொடுக்கவும் எத்தனை வீடுகள் முன்வருகின்றன? பள்ளிவாசலில் அருகே நிற்கும் தோள், நிக்காஹ் பேச்சு வந்ததும் ஏன் விலகுகிறது? என் இளமையில் என் உறவினர் வீட்டிலேயே இத்தகைய பேச்சு எழுந்து, பையன் நற்குணமும் படிப்பும் உடையவன் என்று அறிந்தும், ‘அவர்கள் வேறு’ என்னும் ஒரு சொல்லால் அது முடிந்துபோனதை நான் அறிவேன். அன்று நானும் வாய் திறக்கவில்லை. வகுப்பின் வாயிலில் நின்ற மாணவர் தம் தாத்தாவின் பெருமையைச் சொல்லத் தயங்கியபோது எனக்கு நினைவுக்கு வந்தது அந்த வீட்டுத் திண்ணைதான்.

நாடகமும் கூத்தும் நமக்கு எதற்கு என்று கேட்கும் பெரியோரும் உளர். அவர்களுடைய அச்சத்தை நான் எள்ளி நகையாடமாட்டேன். கேளிக்கையில் நேரத்தையும் ஒழுக்கத்தையும் இழக்கலாகாது என்னும் கவலை நியாயமானதே. எனினும் தமிழ் முஸ்லிம்கள் நாடகத்துக்கு அயலார் அல்லர். சீதக்காதி நொண்டி நாடகம் பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழுக்கு நன்கு அறிமுகமான நூல். அப்பாசு நாடகம், அலி பாதுஷா நாடகம் போன்றவையும் நம் இலக்கிய வரலாற்றில் உள்ளன. கிஸ்ஸாவையும் மஸ்அலாவையும் முனாஜாத்தையும் தமிழுக்கு வழங்கிய சமுதாயம், கதையைப் பாட்டாக்கி மக்கள்முன் வைக்கும் கலையை அறியாததன்று. நவாப் இராஜமாணிக்கம் என்றதும் அவரை முஸ்லிம் என்று எண்ணிய மாணவர் ஒருவர் என் வகுப்பிலேயே இருந்தார். பக்த இராமதாஸ் நாடகத்தில் நவாபாக நடித்துப் பெற்ற பெயர் அது. இயேசுநாதர் வரலாற்றையும் மேடையேற்றியவர் அவர். ஒரு சமயத்தவர் மற்றொரு சமயத்தவரின் உடையை அணிந்து, அவர் மொழியில் பேசி, அவர் துயரைத் தம் துயராக்கிக் காட்டும் இடம் நாடக மேடை. பல சமயத்து மாணவர் ஒன்றாகப் பயிலும் நம் கல்லூரிக்கு அக்கலை முற்றிலும் வேண்டாதது என்று எவ்வாறு தள்ளிவிட இயலும்?

தாஸின் பெயர் மங்கியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தமிழின் முதல் பேசும்படமான காளிதாஸ் 1931 இல் வெளிவந்தபின் மேடைக் கலைஞர் பலர் திரைக்குப் பெயர்ந்தனர். கே. பி. சுந்தராம்பாள் 1935 இல் நந்தனாராகத் திரையில் தோன்றினார். அவர் குரல் இன்றும் நம் வீடுகளில் ஒலிக்கிறது. தாஸின் புகழ் மேடையிலே பிறந்து மேடையிலேயே முடிந்தது. இரவில் பாடிய பாட்டு விடிந்ததும் காற்றோடு போயிற்று. கேட்டவர்கள் இருந்தவரை நினைவில் இருந்தது. அக்கேட்டவர்களுள் இன்று நம்மிடையே இருப்போர் மிகச் சிலரே. திருமங்கலத்தில் அவருக்கு நினைவு இல்லம் இருக்கிறது என்பது ஆறுதல். ஆனால் நினைவு இல்லத்தில் படம் தொங்கும், பாட்டு தொங்காது.

எனவே நம் துறைக்கு நான் முன்வைக்கும் வேண்டுகோள் சிறியது. மேடை கட்டி விடியவிடிய நாடகம் போடச் சொல்லவில்லை. பங்குனிப் பொங்கல் காலத்தில் விருதுநகர், சிவகாசி வட்டாரத்துச் சிற்றூர்களில் வள்ளி திருமணம் இன்றும் நடக்கிறது. மதுரையில் நாடக நடிகர் சங்கம் இருக்கிறது. முதியவர்களான நடிகர்களும் ஆர்மோனிய, மிருதங்கக் கலைஞர்களும் இன்னும் உளர். தம் ஆசிரியர், அவருடைய ஆசிரியர் என்று வாய்வழியாக வந்த பாட்டுகளையும் தர்க்கங்களையும் அவர்களிடமிருந்து ஒலிப்பதிவு செய்யலாம். முதுகலை மாணவர்க்கு ஆண்டுதோறும் திட்டக்கட்டுரைக்குத் தலைப்புத் தேடி அலைகின்றோம். அகநானூற்றில் உவமை, குறுந்தொகையில் உவமை என்று எழுதியதையே திரும்ப எழுதுகின்றோம். வள்ளி திருமணத்தில் ஆலோலப் பாட்டு எவ்வாறு அரசியல் பாட்டாயிற்று என்பதை ஒருவர் எழுதட்டும். முடிதிருத்தும் குலத்துக் குடும்பங்களில் வழங்கும் தாஸ் பற்றிய நினைவுகளை இன்னொருவர் தொகுக்கட்டும். இளங்கலைப் பாடத்தில் நாடகத்தமிழ் அலகில் அவரை ஒரு நடிகராகச் சேர்ப்பதற்குப் பாடத்திட்டக் குழு மனம் வைக்க வேண்டும். தியாகி என்னும் பட்டம் அப்படியே இருக்கட்டும். அதன்முன் நடிகர் என்னும் சொல்லையும் எழுதுவோம்.

வகுப்பு வாயிலில் நின்ற அம்மாணவரிடம் இதைச் சொன்னேன். தாத்தா உடல்நலத்தோடு இருக்கிறாரா என்று கேட்டேன். இருக்கிறார், காது மட்டும் சற்று மந்தம், ஆனால் பாட்டுச் சொல்லச் சொன்னால் சொல்வார் என்றார். வரும் சனிக்கிழமை ஒலிப்பதிவுக் கருவியுடன் சிவகாசிக்குச் செல்லவும், அடுத்த வாரம் திருமங்கலத்துக்குச் செல்லவும் அவரும் பேச்சுப் போட்டி மாணவரும் இசைந்திருக்கின்றனர். பேருந்துக் கட்டணத்தைத் துறை ஏற்கும்.